கலியாண வீட்டு அடுப்பும் ஒரு ஜிபி கோப்பும்

கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ ஒரு கலியாண வீட்டில் சாப்பாடு பிந்தினால், பந்தலில் இருப்பவர்கள் முதலில் ஏசுவது சமைத்தவரைத்தான். வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் கதை வேறாக இருக்கும். சோறு வெந்து, தம் போட்டு, கிடாரத்தை இறக்கி எவ்வளவோ நேரமாகியிருக்கும். இறைச்சிக் கறியும் தயார். ஆனால் அடுப்படிக்கும் பந்தலுக்கும் நடுவே இருப்பது ஓர் ஒடுங்கிய ஒழுங்கை. சோற்றுச் சஹனைத் தூக்கிக்கொண்டு ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் போகலாம். எதிரே வெறும் சஹனோடு இன்னொருவர் வந்துவிட்டால் இருவரும் நின்றுவிட வேண்டியதுதான். இன்னும் இரண்டு கிடாரம் ஏற்றினாலும் பந்தலுக்கு ஒரு சஹன்கூட முந்தி வராது.

இணையத்திலிருந்து ஒரு கோப்பு இறங்க நேரமெடுக்கும்போது நம்மில் பலர் செய்வது இன்னும் இரண்டு கிடாரம் ஏற்றும் வேலைதான். பெரிய பெக்கேஜுக்கு மாறுகிறோம், மாதக் கட்டணத்தைக் கூட்டிக்கொள்கிறோம். கோப்பு முன்னைப் போலவே ஊர்கிறது. நெருக்கம் எங்கே என்று தெரியாமல் கொடுக்கும் காசு அது. உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் காசு சும்மா வருவதில்லை. ஆகவே கோப்பு எப்படி வந்து சேருகிறது என்பதை அடுப்படியிலிருந்து பந்தல் வரை ஒருமுறை நடந்தே பார்த்துவிடுவோம்.

முதலில் ஒரு கணக்கு. இணைய நிறுவனங்கள் வேகத்தைப் பிட் என்ற அளவில் சொல்கின்றன; கோப்பின் பருமனோ பைட்டில் இருக்கிறது. எட்டுப் பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 20 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால் ஒரு நொடிக்கு 20 மெகாபைட் இறங்கும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் 2.5 மெகாபைட்தான். அந்த இணைப்பில் ஒரு ஜிபி கோப்பு இறங்கத் தடையே இல்லாவிட்டாலும் 6 நிமிடமும் 40 நொடியும் வேண்டும். திரையில் நொடிக்கு 2.3, 2.4 மெகாபைட் என்று காட்டினால் உங்கள் இணைப்பு முழு மூச்சில்தான் ஓடுகிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் மட்டுமே பெரிய பெக்கேஜ். அரை மெகாபைட்டுக்குக் கீழே நின்றால்தான் தேடிப் பார்க்க வேண்டிய விசயம் இருக்கிறது.

கிடாரத்தை அப்படியே பந்தலுக்குத் தூக்கி வர முடியாது. சஹன் சஹனாகத்தான் வர வேண்டும். கோப்பும் அப்படித்தான். 1,500 பைட்டுக்கு மேற்படாத சிறு பொதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் வரிசை எண் பொறித்து அனுப்பப்படுகிறது. ஒரு ஜிபி கோப்பு என்பது ஏறத்தாழ ஏழு லட்சம் பொதிகள். அவை முன்பின்னாக வந்தாலும் உங்கள் கணினி எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்ளும். ஒன்று தொலைந்தால் அதை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கும்.

அனுப்பும் கணினிக்கு நம் ஒழுங்கை எவ்வளவு அகலம் என்று தெரியாது. நம் வீட்டில் ஃபைபர் இருக்கிறதா, கைத்தொலைபேசியில் ஒரு கோடு சிக்னல்தான் இருக்கிறதா என்பது அதற்குப் புலப்படாது. ஆகவே நல்ல பரிமாறல்காரர் செய்வதையே அது செய்கிறது. முதலில் பத்துச் சஹனை மட்டும் அனுப்பிப் பார்க்கிறது. “வந்து சேர்ந்தது” என்ற பதில் பந்தலிலிருந்து திரும்பி வந்ததும் இருபது அனுப்புகிறது. அதற்கும் பதில் வந்தால் நாற்பது, பிறகு எண்பது. எங்கோ ஒரு சஹன் கவிழ்ந்துவிட்டது என்று தெரிந்தால், ஒழுங்கையில் ஆள் கூடிவிட்டது என்று கணித்து உடனே கையைச் சுருக்குகிறது. பிறகு மெல்ல மெல்லக் கூட்டுகிறது. ஒவ்வொரு தரவிறக்கத்தின் உள்ளேயும் இந்தக் கூட்டலும் குறைத்தலும் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது.

இந்த ஒழுக்கம் தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. 1986 ஒக்டோபரில் அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்துக்கும் இடையிலான இணைப்பு திடீரென்று சுருண்டது. இரண்டுக்கும் நடுவே 400 யார் தூரம்தான். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இடத்தில் 40 பிட் மட்டுமே போனது. காரணத்தைத் தேடியவர்களில் ஒருவர் வான் ஜேக்கப்சன். பதில் வரத் தாமதமானதும் ஒவ்வொரு கணினியும் அதே பொதியை மறுபடி மறுபடி அனுப்பியிருக்கிறது. நெரிசலுக்கு மேல் நெரிசல். ஒழுங்கை நிறைய சஹனோடு ஆட்கள் நிற்க, பின்னாலிருந்து இன்னும் ஆட்களைத் தள்ளிவிட்டது போல. 1988இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரைதான் கொஞ்சமாகத் தொடங்கி, பதில் பார்த்துக் கூட்டி, இழப்புக் கண்டால் குறைக்கும் முறையை நிலைநிறுத்தியது. அன்று பாதியாகக் குறைத்தார்கள். இன்று பரவலாக இருக்கும் கியூபிக் என்ற முறை பத்தில் ஏழு பங்காகக் குறைக்கிறது. கூகுள் 2016இல் வெளியிட்ட பிபிஆர் முறை, சஹன் கவிழும்வரை காத்திராமல் ஒழுங்கையின் அகலத்தையும் தூரத்தையும் அளந்து பார்த்து அனுப்புகிறது. நாற்பது ஆண்டுக்கு முந்திய அந்த நெரிசலுக்குக் கண்ட தீர்வின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று உங்கள் கைத்தொலைபேசிக்குள் ஓடுகின்றன.

இதிலிருந்து விளங்குவது ஒன்று: பதில் திரும்பி வரும் நேரம்தான் வேகத்தின் பாதி. அடுப்படி பந்தலுக்குப் பக்கத்தில் இருந்தால் பத்து இருபதாகி, இருபது நாற்பதாகி, கண்மூடித் திறப்பதற்குள் ஒழுங்கை நிறைந்துவிடும். அடுப்படி அடுத்த ஊரில் இருந்தால் ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருக்க வேண்டும். கல்முனை நகரத்துக் கணினிக் கடையொன்றில் கேட்ட பேச்சு இது: “காக்கா, ஸ்பீட் டெஸ்டுல நாப்பது காட்டுது, ஃபைல் மட்டும் இறங்குதில்ல.” கடைக்காரர் தலை நிமிராமலே கேட்டார்: “அது கொழும்புக்குப் போய் வாற வேகம் தம்பி. உங்கட ஃபைல் எங்க இரிக்கி?” சரியான கேள்வி. வேகத்தை அளக்கும் தளங்கள் பெரும்பாலும் உங்களுக்குக் கிட்டவுள்ள கணினியைத் தேடிப் பிடித்தே அளக்கின்றன. கோப்பு ஐரோப்பாவில் இருந்தால் அந்த எண்ணுக்கும் உங்கள் காத்திருப்புக்கும் பெரிய தொடர்பில்லை.

கல்முனையின் இருப்பிடம் இதில் ஒரு விசேடம். வங்காள விரிகுடா நம் வாசலில் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டுக் கேபிள்கள் கரையேறுவது தீவின் மேற்கிலும் தெற்கிலும். சீ-மீ-வீ 4 கொழும்பில் கரையேறுகிறது. சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை சுமார் 20,000 கிலோமீட்டர் நீண்டு, 2016 இறுதியில் பாவனைக்கு வந்த சீ-மீ-வீ 5 மாத்தறையில். கல்கிசையிலும் கேபிள்கள் ஏறுகின்றன. சிங்கப்பூரிலிருந்து வரும் பொதி தீவின் மறுபக்கத்தில் கரையேறி, பிறகு தரைவழியாக நம் பக்கம் வருகிறது. இதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கொழும்பிலிருந்து கல்முனைக்கு அது ஒரு நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்குதான். தாமதம் வருவது கடலுக்கு அப்பாலிருந்து. ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்ப ஒரு நொடியில் ஆறிலொரு பங்கு அளவில் ஆகும். அமெரிக்காவுக்கு ஐந்திலொரு பங்குக்கும் மேல். இந்தக் கேபிள்களை நாம் எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்பது 2004 ஆகஸ்டில் தெரிந்தது. கொழும்புத் துறைமுகத்தருகே ஒரு கப்பலின் நங்கூரம் கேபிளை அறுத்தபோது நாட்டின் இணையமே முடங்கிப்போனது.

ஐந்திலொரு நொடி என்ன பெரிய நேரம் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பதில் வராமலே ஒழுங்கையில் விட்டுவைக்கக்கூடிய பொதிகளுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பழைய முறையில் அது 64 கிலோபைட். ஐந்திலொரு நொடிக்கு ஒருமுறை 64 கிலோபைட் என்றால் நொடிக்கு 2.6 மெகாபிட்தான் போகும். உங்கள் வீட்டுக்கு 100 மெகாபிட் ஃபைபர் வந்திருந்தாலும் அதே 2.6தான்! இன்றைய கணினிகள் இந்த வரம்பைப் பெருக்கிக்கொள்ளக் கற்றுவிட்டன. ஆனாலும் பழைய சேவையகங்களும், ஒவ்வொருவருக்கும் இவ்வளவுதான் என்று கட்டுப்பாடு வைக்கும் தளங்களும் நிறையவே இருக்கின்றன.

அங்கேதான் தரவிறக்க மென்பொருள்கள் கைகொடுக்கின்றன. ஐடிஎம், ஏரியா2 போன்றவை செய்வது மாயமல்ல. ஒரு வரிசையில் சஹன் வாங்குவதற்குப் பதிலாக நாலு வரிசை போடுகின்றன. கோப்பின் முதல் கால்பகுதி ஒரு வரிசையில், அடுத்தது இன்னொன்றில் என்று ஒரே நேரத்தில் நாலும் வருகின்றன. ஒரு வரிசையில் ஒரு சஹன் கவிழ்ந்தால் அந்த வரிசை மட்டும்தான் மெதுவாகும். கோப்பின் நடுப்பகுதியை மட்டும் தனியே கேட்கும் வசதி 1997இல் வந்த எச்டிடிபி 1.1 விதிகளிலேயே இருக்கிறது. இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடிவதும் அதனால்தான். என்னைக் கேட்டால் வேகத்தைவிடப் பெரிய நன்மை இந்தத் தொடர்ச்சிதான். தொண்ணூறு வீதம் இறங்கிய கோப்பு அறுந்துபோய் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்குவதைப் போல டேட்டாவைத் தின்னும் வேறொன்றில்லை.

நாலோ எட்டோ வரிசை போதும். முப்பத்திரண்டு வைத்தால் சில தளங்கள் உங்களையே தடுத்துவிடும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நெருக்கம் உங்கள் வீட்டு ஒழுங்கையிலேயே இருந்தால் பல வரிசை போடுவதால் மொத்த வேகம் கூடாது. பக்கத்து அறையில் ஸூமில் வகுப்புப் பார்க்கும் தங்கையின் பங்கைப் பிடுங்கிக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

அந்த வீட்டு ஒழுங்கைக்கு வருவோம். நான் பார்த்த அளவில் நம் ஊர்களில் பாதிக்கு மேற்பட்ட முறைப்பாடுகள் இங்கேதான் முடிகின்றன. கல்முனைக்குடியில் வீடுகள் மதிலோடு மதில் ஒட்டி நிற்கின்றன. உங்கள் கைத்தொலைபேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பக்கத்து வீடுகளின் பெயர்களே பத்துக்கு மேல் வரும். பழைய 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. பத்து வீட்டு ரவுட்டர்களும் இந்த மூன்றுக்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு பேசுகின்றன. ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுத்திருக்க வேண்டும். மோதினால் பொதி தொலையும், திரும்ப அனுப்ப வேண்டும். 5 கிகாஹேர்ட்ஸில் தடங்கள் அதிகம், நெருக்கம் குறைவு. ஆனால் அது சுவரைத் தாண்டக் கஷ்டப்படும். ஆகவே ரவுட்டர் இருக்கும் அறையிலேயே இருந்தால் 5. இரண்டு சுவருக்கு அப்பால் என்றால் 2.4. ரவுட்டரை அலுமாரிக்குள்ளோ டிவிக்குப் பின்னாலோ ஒளித்து வைக்க வேண்டாம். 4ஜி ரவுட்டர் என்றால் கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வைத்துப் பாருங்கள். ஜன்னல் மாறினாலே வேகம் மாறும் வீடுகள் உண்டு.

வைஃபைதான் குற்றவாளியா என்பதை அறிய நேரான வழி, மடிக்கணினியை ஒரு லேன் கேபிளால் ரவுட்டரோடு நேரே இணைத்து அதே கோப்பை மறுபடி இறக்கிப் பார்ப்பது. வேகம் தாவினால் உங்கள் பெக்கேஜில் பிழை இல்லை.

பலர் கவனிக்காத ஒன்று, எதிரே வரும் வெறும் சஹன். “வந்து சேர்ந்தது” என்ற பதிலும் அதே ஒழுங்கை வழியேதான் திரும்பிப் போக வேண்டும். வீட்டில் யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசி கலியாண வீட்டுப் படங்களையும் வீடியோக்களையும் கூகுள் போட்டோஸுக்கு ஏற்றிக்கொண்டிருந்தால், அல்லது வட்ஸ்அப் தன் பிரதியை எடுத்துக்கொண்டிருந்தால், வெளியே போகும் பாதை நிறைந்துவிடும். நம் பதில்கள் ரவுட்டருக்குள் வரிசையில் தேங்கி நிற்கும். பதில் கிடைக்காத சேவையகம் அடுத்த சஹனை அனுப்பாது. இறங்கும் பாதை காலியாகக் கிடக்க, ஏறும் பாதையின் நெருக்கத்தால் தரவிறக்கம் நின்றுபோகும். ஏற்றும் வேகம் மிகக் குறைவாக உள்ள இணைப்புகளில் இது அடிக்கடி நடக்கும். பெரிய கோப்பை இறக்கும்போது வீட்டிலுள்ள தொலைபேசிகளின் தானியங்கிப் பிரதியெடுப்பைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம்.

விபிஎன்னும் பலர் கவனிக்காத ஒன்றுதான். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் நாட்டில் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டபோது விபிஎன் என்ற சொல் நம் வீடுகளுக்குள் வந்தது. உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்க அன்று அது தேவைப்பட்டது. சிலருடைய தொலைபேசியில் அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும்வரை உங்கள் பொதிகளெல்லாம் எங்கோ ஒரு வெளிநாட்டு நகரத்தைச் சுற்றித்தான் வரும். கொழும்பில் இருக்கும் கோப்புகூடக் கடல் கடந்து போய்த் திரும்பி வரும். தேவையில்லாத நேரத்தில் அணைத்துவிடுங்கள்.

நேரமும் ஒரு விசயம். இஷாவுக்குப் பிறகு ஊரே கைத்தொலைபேசியைத் திறக்கிறது. ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அத்தனை பேரும் பங்குபோட வேண்டும். நள்ளிரவுக்குப் பின் அதே கோபுரம் சும்மா இருக்கும். இலங்கையில் பல பெக்கேஜுகள் இரவு டேட்டாவைத் தனியாகத் தருகின்றன, பலர் அதைத் தொடுவதே இல்லை. பெரிய கோப்பைத் தரவிறக்க மென்பொருளில் நேரம் குறித்து வைத்துவிட்டுப் படுத்தால், சுபஹுக்கு எழும்பும்போது இறங்கியிருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதையெல்லாம்விட வேகமான வழி ஒன்று இருக்கிறது. யூடியூப் வீடியோ தடங்கலின்றி ஓடும் அதே இணைப்பில் ஒரு சின்ன பிடிஎஃப் திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் அகமாயும் உலகெங்கும் உள்ள இணைய நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே தங்கள் சேமிப்புக் கணினிகளை வைத்திருக்கின்றன. பலரும் கேட்கும் வீடியோ ஒருமுறை கடல் கடந்து வந்து அங்கே தங்கிவிடும். அடுத்தவர் கேட்கும்போது அங்கிருந்தே பரிமாறப்படும். தூரத்து அடுப்படியிலிருந்து சஹன் சஹனாகச் சுமக்காமல், நம் மஹல்லாவிலேயே ஒரு கிடாரம் ஏற்றிவிடுகிறார்கள். பெரிய மென்பொருள்களை இறக்கும்போது பல நாடுகளின் பட்டியலைக் காட்டி எங்கிருந்து வேண்டும் என்று கேட்பதும் இதற்காகத்தான். அமெரிக்காவை விட்டு இந்தியாவையோ சிங்கப்பூரையோ தெரிவு செய்யுங்கள்.

நம் பிள்ளைகளுக்குத் தேவையான கோப்புகளுக்கு இந்த வசதியை யாரும் செய்து தரவில்லை. பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில் நாடே ஒரு தளத்தின் வாசலில் நிற்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். கடற்கரைப் பள்ளிக் கந்தூரிக்கு வரும் சனத்தை ஒரு வீட்டு அடுப்பில் சமாளிக்கப் பார்ப்பது போன்றது அது. பெறுபேறாவது ஆளுக்கு ஆள் வேறு. பாடநூல்களும் கடந்தகால வினாத்தாள்களும் பாடத்திட்டங்களும் எல்லாருக்கும் ஒன்றுதான். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஈ-தக்சலாவவில் பாடங்கள் கிடைக்கின்றன. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் 50 மெகாபைட் புத்தகம் ஒன்று நாற்பது தடவை இறங்கி, நாற்பது வீட்டு டேட்டாவில் இரண்டு ஜிபி கரைகிறது.

மருதமுனையிலும் நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் கணினி அறை இல்லாத பெரிய பாடசாலை அரிது. அந்த அறைகளில் கிடக்கும் பழைய கணினி ஒன்றும், ஒரு ரெறாபைட் வன்தட்டும், ஒரு சாதாரண ரவுட்டரும் போதும். எல்லாப் பாடநூல்களையும் வினாத்தாள்களையும் ஓர் இரவில் ஒருமுறை இறக்கி அதில் வைத்துவிட்டால், பாடசாலைக்குள் வைஃபையில் இணையும் எந்தப் பிள்ளையும் இணையமே இல்லாமல் நொடிகளில் எடுத்துக்கொள்ளலாம். பொது நூலகங்களும் பள்ளிவாசல்களும் இதைச் செய்யலாம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கணினி படிக்கும் மாணவர்களுக்கு இது ஒரு வார இறுதி வேலை. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். தனியார் வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் நாளைக்கே தொடங்கலாம்.